மாரி காலமும் மோட்டார் பற்றறியும்

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீட்டு முற்றங்களில் ஒரு காட்சியைக் காணலாம். காரின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே எழும், இயந்திரம் அசையாது. அயலவர் நால்வர் மழையில் நனைந்தபடி வண்டியைத் தள்ளுவர். பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் இது வெறுந் தொல்லை. நள்ளிரவில் நோயாளி ஒருவரைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டிய வேளையிலோ உயிர்ப் பிரச்சினை. பற்றறி பழுதாகிவிட்டது என்று கருதிப் பலர் உடனே புதியதொன்றை வாங்க முற்படுவர். பல வேளைகளில் அது பழுதடைந்திருப்பதில்லை, பசித்திருக்கிறது.

ஈயப் பற்றறியை 1859ஆம் ஆண்டில் அமைத்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர். இன்றைய கார்ப் பற்றறியில் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் ஐதான கந்தகவமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னைக் கொடுக்கும்போது தகடுகளின்மீது ஈயச் சல்பேற்று என்ற உப்புப் படியும். இயந்திரம் ஓடி மின்னைத் திரும்பச் செலுத்தும்போது அவ்வுப்புக் கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடையும்.

குறுகிய பயணம் இந்த வரவு செலவைக் குழப்பிவிடுகிறது. இயந்திரத்தைக் கிளப்ப 150 அம்பியர் மின் 4 விநாடி பாய்ந்தாலும், செலவாகும் மொத்த அளவு சிறிதே. வண்டி தடையின்றிச் சில நிமிடம் ஓடினால் அது ஈடாகிவிடும். ஆனால் மாரியில் நடப்பது வேறு. நல்லூரிலிருந்து பெரியகடை வரை செல்லும் சிறு தூரத்தில் முன்விளக்கும் மழைதுடைப்பானும் காற்றாடியும் ஒருங்கே இயங்குகின்றன. நெரிசலில் இயந்திரம் மெல்ல ஓடுவதால் மின் உற்பத்தியும் குறைகிறது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் டைனமோ அவ்வேளையில் ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை. கடைவாசலில் இயந்திரத்தை நிறுத்தி, மறுபடியும் கிளப்புகின்றனர். இவ்வாறு நாளுக்கு நாலைந்து முறை நடந்தால் அன்றாடக் கடன் சிறிது சிறிதாகப் பெருகும்.

இதன் விளைவைக் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு எளிதில் விளக்கலாம். ஆறில்லாத இந்நிலத்திற் கிணறே சீவன். ஊறும் அளவுக்கு மேல் இறைத்தால் நன்னீர் குறைந்து உவர் ஏறும். ஏறிய உவர் இலகுவில் நீங்காது. பற்றறியும் அத்தன்மையதே. நெடுநாள் குறை மின்னோடு கிடந்தால் தகட்டிற் படிந்த உப்பு இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு மின் ஏற்றினாலும் அது முழுவதுங் கரையாது.

குளிரே பற்றறிக்குப் பகை என்பர். கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் நம்மவருக்கு அது பொருந்தும். சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் பற்றறியின் வலு ஏறத்தாழப் பாதியாகும். யாழ்ப்பாணத்திற் பகை வெயிலே. கோடை வெப்பம் பற்றறியின் நீரை வற்றச் செய்து தகடுகளை அரிக்கின்றது. வெயில் செய்த சேதத்தை மழை வெளிப்படுத்துகிறது.

சேமித்த மின்னின் அருமையை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றறிகளும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளை நிறுத்தி மிதித்து அதன் டைனமோவினால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் வாரக்கணக்கில் ஓடாது நின்ற கார்கள் இன்னொரு பாடத்தைப் புகட்டின. சும்மா நிற்கும் பற்றறியும் தானே மின்னை இழக்கும்.

பரிகாரம் அரிதன்று. வாரம் ஒருமுறை, மழையில்லாத பகற்பொழுதில், வண்டியை முக்கால் மணி நேரம் ஓட்டுதல் வேண்டும். பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குள்ள ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தூரம் அதற்குப் போதுமானது. வீட்டு வாசலில் இயந்திரத்தை வெறுமனே ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றறி 12.6 உவோற்றுக் காட்டினால் நிறைவு; 12.4க்குக் கீழிறங்கினால் கராஜில் மெதுவாக மின்னேற்றுதல் நன்று. ஏற்றும்போது ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் அருகில் நெருப்பு ஆகாது. முனைகளிற் பூத்த பூஞ்சணம் போன்ற படிவை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, உலர்த்தி, வசிலின் பூசலாம். மூடி திறக்கக்கூடிய பற்றறிக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுதல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் தகடுகளைக் கெடுக்கும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். வேறு பற்றறியைத் தொடுக்குமுன் இதனைக் கவனித்தல் அவசியம்.

அந்நாளைய ஒஸ்ரின் காரில் பற்றறி கைவிட்டாலும், முன்புறத்தில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பலாம். இன்றைய கார்களுக்கு அவ்வசதி இல்லை. தானியங்கிக் கியர் உடையவற்றைத் தள்ளியும் பயனில்லை. ஆகவே வாரத்தில் அந்த முக்கால் மணி நேரம் வீண்செலவன்று. மழையிரவொன்றில் அவசரமாக வேண்டப்படும் உதவிக்கு முன்கூட்டியே செலுத்தி வைக்கும் விலையாகும்.