தொட்டிக்கு மண் தேடி

சிறுசேரி என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காதான். ஆனால் இது ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர். அந்த வயல்களில் பல இன்று அடுக்குமாடிகளுக்கு அடியில் இருக்கின்றன. அப்படி ஒரு மாடியில் குடியிருக்கும் நாங்கள், ஓர் எலுமிச்சைக் கன்று வைக்க ஆசைப்பட்டபோது, முதலில் அலைய வேண்டியிருந்தது மண்ணுக்காகத்தான். கீழே இறங்கித் தோண்டினால் வருவது சிமென்ட் தூளும் ஜல்லியும் கலந்த கட்டட இடிபாடு. அதில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். எலுமிச்சைக்குச் சிறிதும் ஆகாது.

எனவே நர்சரியில் செம்மண் மூட்டைகள் வாங்கினோம். பெரிய நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடியில் துளையிட்டு, பெரியவர்கள் சொன்னபடி நான்கு விரற்கடை ஜல்லி பரப்பி, அதன்மேல் செம்மண்ணை நிரப்பிக் கன்றை நட்டோம். கோடையில் மண் செங்கல்லாக இறுகியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது தொட்டியில் தண்ணீர் குளமாக நின்றது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஜனவரியில் டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடிமண் கறுத்து, புளித்த நாற்றம் வீசியது. வேர்கள் அழுகிப்போயிருந்தன.

தவறு எங்கே என்று விசாரித்தபோதுதான் ஒன்று விளங்கியது. நிலத்து மண் வேறு, தொட்டி மண் வேறு. நிலத்தில் தண்ணீர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். மண்புழுவும் எறும்பும் மர வேர்களும் வழி உண்டாக்கிக் கொடுக்கும். தொட்டிக்கோ ஓர் அடித்தளம் உண்டு. அங்கே வந்த தண்ணீர், துளை இருந்தாலும் முழுவதும் வெளியேறுவதில்லை. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றபின் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் தண்ணீர் கொட்டும். படுக்கையாக இருந்தபோது அந்தத் தண்ணீரை ஸ்பாஞ்சின் நுண்துளைகள் பிடித்து வைத்திருந்தன. தொட்டி மண்ணும் அப்படித்தான்: அடியில் சில விரற்கடை உயரத்துக்கு எப்போதும் ஈரம் தேங்கும். மண் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் தேங்கும். அடியில் ஜல்லி போட்டால் இந்த ஈர அடுக்கு மறைந்துவிடாது. ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். நல்லது என்று நினைத்துச் செய்தோம், செடிக்கு அதுவே கெடுதலாயிற்று. துளையை மண் அடைக்காமல் இருக்க ஓர் ஓட்டுத் துண்டோ வலைத் துணியோ போதும்.

ஆக, தொட்டிக் கலவையில் நாம் தேட வேண்டியது சத்து மட்டுமல்ல, காற்றும்தான். இங்கிலாந்தில் 1930களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தார் பல சோதனைகளுக்குப் பின் வகுத்த கலவை ஒன்று உண்டு: 7 பங்கு மண், 3 பங்கு பீட், 2 பங்கு மணல். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பாசி. அதற்கு நாம் ஏங்க வேண்டியதில்லை; நம்மிடம் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. தமிழக அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்களுக்குக் கொடுத்த பொருள்களில் விதை, உயிர் உரம் ஆகியவற்றோடு நார்க்கழிவுக் கட்டிகளும் இருந்தன.

ஆனால் நார்க்கழிவைக் கட்டியை உடைத்து அப்படியே போட்டுவிடக் கூடாது. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் அதில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்கு உப்பும். அதை ஒரு சாக்கில் கட்டி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுவது எங்கள் வழக்கம். இன்னொரு சங்கடமும் உண்டு. மக்காத நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. 112க்கு 1 என்ற விகிதம். அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு இதை மக்கவைக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. அந்த விகிதம் 24க்கு 1 வரை இறங்கிவிடும். மாடியில் அவ்வளவு செய்ய முடியாதவர்கள், மாட்டு எருவோடு கலந்து சில வாரம் ஈரமாக மூடி வைக்கலாம்.

பாதி டிரம் 100 லிட்டர் கொள்ளும். 10 லிட்டர் பக்கெட்டால் நாங்கள் இப்போது அளப்பது இப்படி: சலித்த செம்மண் மூன்று பக்கெட், அலசிய நார்க்கழிவு மூன்று, நன்றாக மக்கிய உரம் மூன்று, கருக்கிய உமி ஒன்று. இவற்றோடு அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. தார்ப்பாயில் கொட்டி, புட்டு மாவுக்குத் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளித்துப் புரட்டி, நிழலில் இரண்டு வாரம் மூடி வைக்கிறோம். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிபோல் ஒட்டினால் இன்னும் ஒரு பக்கெட் உமி.

மணலுக்குப் பதில் உமி ஏன் என்று கேட்கலாம். ஆற்று மணல் விலையும் அதிகம், அதை அள்ளியதால் ஆறுகள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். எம்-சாண்டில் கல் தூள் கலந்திருந்தால் துளைகளை அடைத்துவிடும். போடுவதானால் அலசிப் போட வேண்டும். கோவளம் கடற்கரை பக்கத்தில்தானே, ஒரு மூட்டை அள்ளி வரலாமே என்று எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் கேட்டார். அது உப்பு மணல்; அள்ளுவதும் சட்டப்படி குற்றம். கருக்கிய உமி என்பது கறுப்பாக, உமியின் உருவம் மாறாமல் இருக்க வேண்டும். முழுக்க எரிந்து வெள்ளைச் சாம்பலானது இதற்கு உதவாது.

சிலர் ஏரி வண்டல் கேட்கிறார்கள். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி, கண்மாய் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. அது வயலுக்கு உரியது. அந்த நைசான களிமண் தொட்டியில் போட்டால், எங்கள் முதல் எலுமிச்சைக்கு நேர்ந்ததுதான் நேரும்.

மொத்தத்தில் செலவு எவ்வளவு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கடையில் விற்கும் தயார் கலவையானால் ஒரு பாதி டிரம்முக்கே 5 கிலோ பைகள் பத்துக்கு மேல் வேண்டும். நாங்கள் காசு கொடுப்பது ஒரு மூட்டைச் செம்மண், ஒரு நார்க்கட்டி, புண்ணாக்கு, உமி இவற்றுக்கு மட்டுமே. உரம் எங்கள் சமையலறையிலிருந்தே வருகிறது: காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. ஒரு குடும்பத்தின் கழிவு மூன்று பக்கெட் உரமாக ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். பொறுக்க முடியாதவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் மாடு வளர்ப்போரிடம் பழைய எரு கேட்டு வாங்கலாம். புதுச் சாணம் வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். சாலையோர இளநீர்க் கடைகளில் மலையாகக் குவியும் மட்டையைத் துண்டுகளாக்கித் தொட்டியின் மேலே பரப்பினால் வெயிலில் ஈரம் காயாது.

டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்ததானால், எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பிடும் செடிக்கு உரியதல்ல. எடையையும் மறக்கக் கூடாது. பாதி டிரம் நிறைய நனைந்த செம்மண் 150 கிலோவைத் தாண்டும். இந்தக் கலவையானால் 110 கிலோ அளவில் நிற்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் சுமையே சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். ஆகவே தொட்டிகளை நடுவில் குவிக்காமல், உத்தரமும் சுவரும் உள்ள ஓரங்களில் இடைவெளி விட்டு வைப்பதே முறை. பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஓ.எம்.ஆர். வட்டாரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உவர்ப்பாகவே இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தால் உப்பு தொட்டியிலேயே தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். அடித்துளை வழியாக ஓடும்வரை அவ்வப்போது நிறைய ஊற்றி அலசுவது நல்லது. மழைக்காலம் வந்துவிட்டால் அந்த வேலையை மழையே செய்துவிடும்.

அழுகிய எலுமிச்சையின் அந்தப் பழைய செம்மண்ணை நாங்கள் எறியவில்லை. வெயிலில் பரப்பிக் காயவிட்டு, கட்டிகளை உடைத்துச் சலித்தோம். புதிய கலவையின் மூன்று பக்கெட் செம்மண் அதுதான். ஓர் ஆண்டில் கலவை நான்கு விரற்கடை அமுங்கிவிட்டது. மக்கும் பொருள் அதிகமான தொட்டிகளில் இது இயல்பு. மேலே உரம் போட்டு நிரப்பினோம், தண்டை மூடாமல். இப்போது குடியிருப்பின் காவலாளி அண்ணன் புங்கமரத்துச் சருகுகளை எரிப்பதில்லை. சாக்கில் கட்டி எங்கள் மாடிப்படியடியில் வைத்துவிட்டுப் போகிறார். அடுத்த டிரம் அவர் கேட்ட முருங்கைக்கு.