தந்தையின் இரு கைகள்

ஊதாரி மகனின் கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் உவமை அது. சொத்தில் தன் பங்கை வாங்கிச் சென்று, அத்தனையும் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தந்தை ஓடிவந்து தழுவிக்கொள்கிறார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், 1669இல் மறைவதற்குச் சற்று முன் இக்காட்சியை எட்டடிக்கும் மேலான உயரத்தில் தீட்டினார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியம் உள்ளது.

இந்த ஓவியத்தில் தம் வாழ்க்கையையே கண்டவர் ஹென்றி நௌவென் என்ற கத்தோலிக்கக் குரு. நெதர்லாந்தில் 1932இல் பிறந்து, 1957இல் குருப்பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். ஆன்மிக நூல்கள் பல எழுதியவர். ஆனால் தமக்கு ஆண்களிடமே ஈர்ப்பு உண்டு என்பதை நெருங்கிய சிலரைத் தவிர எவரிடமும் அவர் சொல்லவில்லை. 1996இல் அவர் மறைந்த பிறகு, 1999இல் மைக்கேல் ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே அது பரவலாகத் தெரிய வந்தது.

சொல்லாமல் இருந்ததில் வியப்பில்லை. தன்பால் ஈர்ப்பை ஒழுங்கு தவறிய நாட்டமாகவே கருத வேண்டும் என்று வத்திக்கான் 1986இல் ஆயர்களுக்கு எழுதியது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் தன்பால் உறவை ஏற்கவில்லை. அதே நூல், இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்கிறது. தூய நட்பு அவர்களுக்குத் துணையாகும் என்றும் கூறுகிறது.

அந்த நட்புதான் நௌவெனைச் சோதித்தது. 1986இல் அவர் பல்கலைக்கழக வாழ்வை விட்டு, கனடாவின் டொராண்டோ அருகே, மனவளர்ச்சி குன்றியோரும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லத்தில் சேர்ந்தார். பேச இயலாத ஆடம் என்ற இளைஞரைக் காலையில் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டுவது அவர் பொறுப்பு. மெத்தப் படித்த பேராசிரியர், ஆடமைத் தம் ஆசிரியர் என்றார். அதே இல்லத்தில் ஒருவரிடம் அவர் கொண்ட ஆழ்ந்த நட்பு, அவர் எதிர்பார்த்த அன்பின் பாரத்தைத் தாங்காமல் 1987இன் இறுதியில் முறிந்தது. மனமொடிந்த நௌவென் சில மாதங்கள் இல்லத்தை விட்டு விலகியிருந்தார். அந்நாட்களில் எழுதிய குறிப்புகளை 1996இல்தான் நூலாக்கினார். முறிந்த நட்பும் காலப்போக்கில் சீரடைந்தது.

அவருக்கு உதவியவற்றுள் அந்த ஓவியமும் ஒன்று. 1983இல் பிரான்சில் அதன் அச்சுப்படத்தைக் கண்டவர், 1986இல் மூல ஓவியத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். மகனின் முதுகில் பதிந்த இரு கைகளும் ஒன்றுபோல் இல்லை என்று கவனித்தார். ஒன்று வலுவான தந்தையின் கை. மற்றொன்று தாயின் கைபோல் மென்மையானது. முதலில் தம்மை இளைய மகனாகக் கண்டார். பிறகு, கட்டளை எதையும் மீறாமல் உள்ளுக்குள் புழுங்கும் மூத்த மகனாகவும் கண்டார். திரும்பி வருபவரை வரவேற்கும் தந்தையாகவே நீ மாற வேண்டும் என்று தோழி ஒருவர் சொன்னது அவரை உலுக்கியது. 1992இல் வெளிவந்த அவரது நூல் இந்த மூன்று நிலைகளையும் விளக்குகிறது. ஓவியம் பற்றிய படமொன்றுக்காக ரஷ்யா செல்லும் வழியில், நெதர்லாந்தில் மாரடைப்பால் காலமானார்.

அவர் மறைவுக்குப் பின் சில கதவுகள் திறந்திருக்கின்றன. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் பற்றிய போதனையை மாற்றாமலே, தன்பால் இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்று 2023 டிசம்பரில் வத்திக்கான் அனுமதித்தது.

சட்டமும் சபையும் செய்யக்கூடியது ஓரளவுதான். நம் வீட்டிலேயே ஒரு மகனோ மகளோ, சொன்னால் வீடு தாங்குமா என்று அஞ்சி, ஞாயிறுதோறும் நம் பக்கத்திலேயே அமர்ந்து திருப்பலி காணக்கூடும். எந்தக் கதவு திறந்தாலும் அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது நம் முகத்தைத்தான்.

உவமையின் முடிவில் தந்தை வெளியே வந்து மூத்த மகனையும் விருந்துக்கு அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.