கேலி அன்று, தொல்லை

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடற்கரைப் பக்கத்திலிருந்து பினாங்கு சாலை வரை நீண்டு செல்வது சூலியா தெரு. தென்னிந்தியக் கரையிலிருந்து வாணிகம் செய்ய வந்த முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்தனர். தெருவின் பெயர் அவர்களால் வந்தது. 2008-ம் ஆண்டில் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்ட நகரில், தங்கும் விடுதிகளும் இரவு உணவுக் கடைகளும் நிறைந்து, இன்றும் அது வழிப்போக்கர் தெருவாகவே விளங்குகிறது.

இத்தகைய தெருவில் தனியே நடக்கும் பெண்ணை அழைப்போர் இருவகையினர். ரிக்‌ஷாக்காரரும் கடைக்காரரும் வேண்டுவது வாடிக்கை. "வேண்டாம், நன்றி" என்றால் அடுத்தவரை நாடுவர். மற்றொருவனோ 'வேண்டாம்' என்ற பின்னும் தொடர்ந்து வருகிறான். எந்த விடுதி, துணைக்கு யார் என்று துருவுகிறான். முன்னது வாணிகம், பின்னது தொல்லை. இழிசொல்லும் தீண்டலும் எனில், 'வேண்டாம்' என்று சொல்லும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அவை தொடக்கத்திலேயே தொல்லைதாம்.

இத்தொல்லைக்கு மொழிகள் இட்ட பெயர்கள் ஆராயத்தக்கவை. ஸ்பானிய மொழியில், தெருவிற் செல்லும் பெண்ணை நோக்கி அறியாத ஆடவர் வீசும் சொல்லுக்குப் 'பிரோப்போ' என்று பெயர். செந்நிற மணி ஒன்றுக்கும் அதுவே பெயர். மணியின் பெயரைச் சூட்டியதனால் இழிசொல்லும் புகழுரைபோல் உலவிற்று. அந்த மயக்கம் மெல்லத் தெளிந்து, பெரு 2015-லும், சிலி 2019-லும், ஸ்பெயின் 2022-லும் தெருத்தொல்லையைத் தடுக்கச் சட்டம் இயற்றின.

நம் வழக்கும் இதனினும் மேலானதன்று. 'கேலி', 'கிண்டல்' என்று நாமும் சொல்லிவந்தோம். இந்தியர் ஆங்கிலத்தில் 'ஈவ் டீசிங்', அதாவது ஏவாளைச் சீண்டுதல் என்றனர். 1998-ம் ஆண்டில் சென்னையில் இத்தகைய சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் பிறந்த சட்டமும் முதலில் அப்பெயரையே தாங்கியிருந்தது. 2002-ல்தான் 'பெண்களைத் துன்புறுத்தலைத் தடைசெய்யும் சட்டம்' எனப் பெயர் மாறிற்று. இருவரும் சேர்ந்து சிரித்தால் அது கேலி. ஒருவர் சிரிக்க மற்றவர் அஞ்சினால் அது கேலி அன்று.

பயணத்தில் நேரும் தொல்லைக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2012-ல் வழிமுறைகள் வகுத்தது. 1999-ல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த நிகழ்ச்சியிலிருந்து எழுந்த வழக்கு அது. பேருந்தில் தொல்லைக்குள்ளானவர் முறையிட்டால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்வது பேருந்துப் பணியாளர் கடமை என்று அது பணித்தது.

மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 509-ம் பிரிவு, சொல்லாலும் சைகையாலும் மானத்தை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. பின்தொடர்ந்து தொல்லை தருவது 2023 முதல் தனிக் குற்றம். 2022-ம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றம், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க ஆணையிடலாம். அவசர உதவிக்கு 999 என்ற எண் உண்டு.

எனினும் சட்டம் வந்து சேருமுன் பயணியிடம் இருப்பது சொல் ஒன்றே. அச்சொல்லின் இலக்கணத்தை அறிந்துகொள்வது நலம். சினத்தில் நாம் 'நீ', 'டா' என்கிறோம். இவை பகைவனுக்கு மட்டும் உரியன அல்ல; உறவுக்கும் உரியன. ஆதலின் அயலார் செவியில் இது வீட்டுச் சண்டையாகப் பட்டு, "நமக்கென்ன" என்று அவர்கள் நகர்ந்துவிடக்கூடும். "நீங்கள் யார்? எனக்கு உங்களைத் தெரியாது. தள்ளிப் போங்கள்!" என்று உரக்கச் சொன்னால், அவன் அயலான் என்பது தெரு முழுவதற்கும் விளங்கும். இங்கே 'நீங்கள்' என்பது மதிப்பன்று, வேலி. ஸ்பானிய மொழியிலும் பெரும்பாலான நாடுகளில் நெருங்கியவரை 'தூ' என்றும் அயலாரை 'உஸ்தேத்' என்றும் விளிப்பர். தொல்லை தருபவனிடம் பின்னதையே ஆள்வது தக்கது.

உறவுப்பெயரையோ உதவி நாடுவோருக்கென வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தை நோக்கிப் பொதுவாகக் கூவுவதினும், "நீலச் சட்டை அண்ணே, போலீசைக் கூப்பிடுங்கள்" என ஒருவரைச் சுட்டி அழைப்பது பயன் தரும். மலாயில் 'ஜாங்ஙான் காச்சாவ்' என்றால் 'தொல்லை செய்யாதே'. 'தோலோங்' என்றால் 'உதவி'. பிறகு வெளிச்சமும் ஆளும் உள்ள கடைக்குள் நுழைந்துவிடலாம். தங்கும் விடுதி எதுவெனக் காட்டாதிருப்பதும் அறிவுடைமை. அஞ்சி வாயடைத்துப் போனாலும் குற்றம் அவளுடையதன்று, தொல்லை தந்தவனுடையதே.

முன்னிலைப் பெயர்களைக் கற்பிக்கும் வகுப்பில் ஆசிரியர் இதனையும் எடுத்துக்காட்டலாம். 'வேண்டாம்' என்பதைத் தயங்காமல் சொல்ல மாணவியர் பழகவேண்டும். அதைக் கேட்டவுடன் நின்றுவிட மாணவர் அதனினும் முன்னரே பழகவேண்டும்.