நாளைய நிகழ்ச்சிகள்: தமிழக வானொலியும் அதன் நிரலும்

ஒலிபரப்பு நிலையத்தின் முதற்பணி நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதே என்று கருதப்பட்டாலும், எந்த நாளில், எந்த மணிக்கு, எது வரும் என்று நேயர்களுக்கு முன்கூட்டித் தெரிவிப்பது அதற்கும் முந்திய பணியாகும். பம்பாயில் இவ்விரண்டும் அந்த வரிசையிலேயே பிறந்தன. அங்கு இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையம் 1927 ஜூலை 23 அன்று திறக்கப்படுவதற்கு எட்டு நாள் முன்னதாகவே, அதன் நிகழ்ச்சி நிரலைத் தாங்கிய ‘இந்தியன் ரேடியோ டைம்ஸ்’ இதழ் வெளிவந்துவிட்டது. பின்னர் அது 1935இல் ‘இந்தியன் லிஸனர்’ என்றும், 1958இல் ‘ஆகாசவாணி’ என்றும் பெயர் மாறியது. தமிழ் நேயர்களுக்கென ‘வானொலி’ என்ற பெயரிலேயே இருவார இதழ் ஒன்று வெளிவந்தது. யாருடைய கச்சேரி எந்த இரவில், பக்கவாத்தியம் யார், உரையின் பொருள் என்ன என்று நாள்வாரியாகவும் நேரவாரியாகவும் அச்சிட்டுத் தந்த இத்தகைய இதழ்களை வெறும் விளம்பரம் என்று கொள்வது சரியாகாது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொடுத்த ஆவணங்கள் அவை.

சென்னையின் ஒலிபரப்பு வரலாறு அரசு நிலையத்துக்கும் முந்தியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் 1927இல் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கி, மாலைநேர இசையையும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கான பாடங்களையும் வழங்கியது. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் ஊருக்கென்று வானொலி நடத்திய அந்த எட்டு ஆண்டுகள் இன்று பெரிதாக நினைக்கப்படுவதில்லை. ஆயினும் உள்ளூர்ப் பொது ஒலிபரப்பு என்ற கருத்துக்கு அதைவிடத் தூய எடுத்துக்காட்டு பின்னாளிலும் அமையவில்லை எனலாம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. திருநெல்வேலி, கோயம்புத்தூர் நிலையங்கள் 1960களில் வந்து சேர்ந்தன.

இந்நிலையங்களின் நிரல் எவ்வாறு உருவாகிறது என்பது நேயர்கள் அதிகம் அறியாத செய்தி. ஒவ்வொரு நிலையத்திலும் ‘ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட்’ என்று ஊழியர்கள் குறிப்பிடும் ஓர் அட்டவணை உண்டு. வாரத்தின் ஏழு நாள்களிலும் எந்தெந்த நேரம் செய்திக்கு, எது வேளாண்மைக்கு, எது செவ்விசைக்கு, எது மகளிருக்கும் சிறுவருக்கும் என்று நிலையாக ஒதுக்கித் தரும் சட்டகம் அது. அச்சட்டகத்துக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிகழ்ச்சிகள் திட்டமிடப்பட்டு, உரையாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நாள், நேரம், சன்மானம் குறித்த ஒப்பந்தப் படிவங்கள் முன்னதாகவே அனுப்பப்படுகின்றன. இசைக்கலைஞர் என்றால் குரல்தேர்வில் வென்று பி, பி-ஹை, ஏ, டாப் ஆகிய தரங்களுள் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். அன்றன்றைய நிகழ்ச்சிகளை நிமிடக் கணக்கில் வரிசைப்படுத்தும் ‘க்யூ ஷீட்’ அறிவிப்பாளரின் மேசைக்கு வருகிறது. அதிலிருந்து ஒலிபரப்பு எங்கே வழுவியது, எத்தனை விநாடி மௌனம் நேர்ந்தது என்பதெல்லாம் பணி அலுவலரின் பதிவேட்டில் ஏறுகின்றன. அரசு அலுவலகத்தின் இறுக்கம் இதில் இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்த இறுக்கமே வானொலியைக் கேட்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் நம்பிக்கையை அளித்தது. சட்டகம் நெகிழும் இடங்களும் உண்டு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் நடப்பதால் ஆங்கில நாள்காட்டியில் அதன் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. பஞ்சரத்ன கீர்த்தனைகள் நேரடியாக ஒலிபரப்பாகும் அந்தக் காலைப்பொழுதுக்காக வழக்கமான நிகழ்ச்சிகள் விலகி இடம்தருகின்றன.

நிரல் முன்கூட்டித் தெரிந்திருப்பதன் பயனைத் திருச்சி நிலையத்தின் பண்ணை இல்ல ஒலிபரப்பைப் போலத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி வேறில்லை. ஜப்பானிய நோரின் 10 வகையையும் ஜி.இ.பி. 24 என்ற உள்நாட்டு வகையையும் இணைத்து உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல், 1960களின் நடுப்பகுதியில் தஞ்சை மாவட்டக் குறுவைச் சாகுபடிக்கு அறிமுகமானபோது, அதன் விதைப்பு, உரம், பூச்சித் தடுப்பு ஆகியவற்றை வானொலி பருவத்தோடு பொருத்திச் சொல்லிவந்தது. உழவர்கள் அந்நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். நாற்று விடும் வாரத்தில் நாற்றங்காலையும், கதிர் வாங்கும் வாரத்தில் பூச்சியையும் பற்றிப் பேச வேண்டுமாயின், நிகழ்ச்சியைத் திட்டமிடுபவருக்கு அந்த வட்டாரத்தின் தண்ணீர் திறப்பும் மண்ணும் தெரிந்திருக்க வேண்டும்; டெல்லியிலோ சென்னையிலோ இருந்து ஒரே நிரலாக அனுப்பினால் இது கைகூடாது. பின்னர் ‘பண்ணைப் பள்ளி’ என்ற பெயரில், பதிவு செய்துகொண்ட உழவர்களுக்குப் பாடங்களைத் தொடராக ஒலிபரப்பும் முறை வந்ததும் இதன் நீட்சியே.

தொலைக்காட்சி இதே வழக்கத்தை வேறு வகையில் பின்பற்றியது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் ‘வயலும் வாழ்வும்’, ‘ஒளியும் ஒலியும்’ போன்ற நிகழ்ச்சிகள் வாரத்தின் நாள்களுக்கே அடையாளமாயின. நேயர் கடிதங்களுக்கு நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் திரையில் தோன்றி விடையளித்த ‘எதிரொலி’, பொது ஒலிபரப்பு தன் நேயருக்குப் பொறுப்புச் சொல்லும் வடிவமாகக் குறிப்பிடத்தக்கது. இன்றைய தனியார் தொலைக்காட்சிகளில் அதற்கு இணையானது ஒன்றுமில்லை. எனினும் 1982இல் வண்ண ஒளிபரப்போடு தொடங்கிய தேசிய நிகழ்ச்சி மாலையின் மிகச் சிறந்த நேரத்தை டெல்லிக்கு மாற்றிவிட்டது. உள்ளூர் நிரல் முன்னும் பின்னும் ஒதுங்க நேர்ந்தது. தனியார் அலைவரிசைகள் 1990களில் வந்தபோது தமிழ்ப் பார்வையாளர்கள் அவ்வளவு விரைவாக அங்கே திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானொலியில் உள்ளூர்த்தன்மை மேலும் நுணுகியது. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் 1977 ஜூலை 23 அன்று தொடங்கியது. ஒரே மாவட்டத்துக்கென நிகழ்ச்சி தயாரிக்கும் உள்ளூர் வானொலி நிலையம் என்ற புது வகை 1984இல் நாகர்கோவிலில் சோதனையாக நிறுவப்பட்டது. பண்பலை இசையைத் தெளிவாகத் தந்தாலும் அதன் அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வதால் எல்லை சுருங்குகிறது. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவுவதால் ஒரே கோபுரத்திலிருந்து பல மாவட்டங்களைத் தொடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டா மாவட்டங்களில் மின்சாரத்தை வாரக்கணக்கில் துண்டித்தது போன்ற வேளைகளில், கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழக்க, பேட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டரால் செய்தி கேட்க முடிவது அந்த மத்திய அலையால்தான்.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997 நவம்பரில் செயல்படத் தொடங்கிய பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு, வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் நிர்வகிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதன் மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்துள்ளன. தரைவழி அனலாக் தொலைக்காட்சி மறுஒளிபரப்பு நிலையங்கள் 2022க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. வானொலியின் அதிகாரப்பூர்வப் பெயர் 2023இல் ‘ஆகாசவாணி’ என்று மட்டும் ஆனது. பிரசார் பாரதியின் பொதிகைத் தொலைக்காட்சி 2024 ஜனவரி 19 அன்று ‘டிடி தமிழ்’ என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்ற இணையத் தளம் தொடங்கப்பட்டது. தமிழக நிலையங்களின் ஒலிபரப்பைக் கைப்பேசிச் செயலியில் உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி.

ஆனால் கேட்கும் வழி பெருகிய அளவுக்கு, எதைக் கேட்கலாம் என்று அறியும் வழி பெருகவில்லை. அச்சிதழ் நின்றுபோன பின், காலையில் அறிவிப்பாளர் வாசிக்கும் அன்றைய நிகழ்ச்சிச் சுருக்கமும், சமூக வலைத்தளத்தில் நிலைய ஊழியர் இடும் அறிவிப்புமே நிரலாக எஞ்சியுள்ளன. முன்னதைத் தவறவிட்டவருக்கு அது போய்விட்டது, பின்னது யார் கண்ணில் படும் என்பதை அந்தந்த வலைத்தளத்தின் கணக்கு முறையே தீர்மானிக்கிறது. இதற்கிடையில், ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்ற நிலையங்கள் அப்படியே எடுத்து வழங்கும் ‘அஞ்சல்’ முறை விரிவடைவது குறித்துத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தபோது, எந்த நிலையமும் மூடப்படாது என்று பிரசார் பாரதி 2021இல் விளக்கமளித்தது. நிலையம் மூடப்படாமலே அதன் உள்ளூர் நேரம் தேய முடியும் என்பதால், அவ்விளக்கம் கேள்வியின் பாதிக்கு மட்டுமே விடையாகும். மறுபாதிக்கான விடை ஒவ்வொரு நிலையத்தின் ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட்டிலும் இருக்கிறது; திருச்சியிலும் மதுரையிலும் நாகர்கோவிலிலும் அந்தந்த ஊரில் தயாராகும் நிகழ்ச்சிக்கு எத்தனை மணி, அஞ்சலுக்கு எத்தனை மணி என்பதைப் பிரித்துக்காட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டமிடப்படும் அந்த நிரலை அதே கால அளவில் நேயர்களுக்கும் வெளியிடுவதற்குப் புதிய தொழில்நுட்பமோ கூடுதல் பணமோ தேவைப்படாது.