மூக்கை நீவலாமா?

குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டிமார் மூக்கை நீவிவிடுவதை நாம் பார்த்திருப்போம். நீவினால் மூக்கு எடுப்பாகும் என்பது அவர்கள் நம்பிக்கை; அதற்குச் சான்றில்லை. மூக்கழகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில மருத்துவர்கள் சொல்லும் நீவுதல் வேறு.

இச்சிகிச்சையில் மூக்கெலும்பை வெட்டி உள்நோக்கி நகர்த்துவதுண்டு. ஏறக்குறைய ஒரு வாரத்தில் மேற்காப்பை எடுத்துவிடுவார்கள். ஆனால், எலும்பு ஓரளவு உறுதிப்படவே சுமார் 6 வாரம் ஆகும். அதுவரை மூக்குக் கண்ணாடிகூட மூக்கில் அழுந்தக்கூடாது என்று பல மருத்துவர்கள் கூறுவர். அப்படியிருக்க, தோழி சொன்னாள் என்று நாமாகவே அழுத்தினால் என்னவாகும்? எலும்பு விலகலாம், வீக்கமும் கூடலாம்.

உறுதிப்படாத அதே எலும்பு வெளிப்பக்கம் நகராதிருக்கத்தான் சில மருத்துவர்கள், இரு பக்கமும் விரலால் சில விநாடி மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். தேய்ப்பதோ பிசைவதோ அன்று. எந்த இடத்தில், எப்போது, எத்தனை முறை என்பது செய்த அறுவையைப் பொறுத்தது. எலும்பை வெட்டாமல் நுனியை மட்டும் திருத்தியவருக்கு இதனால் பயனில்லை. நீவவே சொல்லாத மருத்துவர்களும் உண்டு.

வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடியும். மூக்கு நுனியில் மட்டும் ஓராண்டுவரை, தடித்த தோல் உடையவர்களுக்கு அதற்கு மேலும், நீடிக்கலாம். பட்டமளிப்பு விழாப் படத்தை எண்ணி, கடைசிப் பருவ விடுமுறையில் அறுவை செய்துகொள்ள நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.