பேயின் முகத்தில் ஒரு கண்ணாடி

இருண்ட பள்ளிக்கூடத் தாழ்வாரம். சுவரில் தண்ணீர் கசிந்து ஓதம் படிந்திருக்கிறது. தொலைவில் ஒரு விளக்கு அசைந்து அசைந்து வருகிறது. அதைப் பிடித்திருக்கும் உருவம் மனித உயரத்தைத் தாண்டி நிற்கிறது. உடம்பில் இராணுவச் சீருடை, கையில் லாந்தர். அது குனிந்து மாணவியின் முகத்துக்கு நேரே வரும்போதுதான் தெரிகிறது, அதற்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி. அதில் தெரிவது, பயந்து நிற்கும் அந்தப் பெண்ணின் முகமே.

'டிடென்ஷன்' என்ற தைவான் படத்தில் வரும் பேய் இது. இந்தப் பேய்க்கு ஏன் சீருடை, ஏன் கண்ணாடி முகம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் முழுப் படமும் விளங்கிவிடும். தைவானின் வரலாறு தெரியாமல் பார்ப்பவர்களுக்கு அந்த விடை எளிதில் பிடிபடாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை. கதையின் முடிச்சுகளையும் இதில் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. முதலில் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

என்ன படம் இது?

2019 செப்டம்பரில் வெளியான படம். இயக்கியவர் ஜான் ஷூ. இதுவே அவருடைய முதல் முழுநீளப் படம். 'ரெட் கேண்டில் கேம்ஸ்' என்ற தைவான் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட ஒரு கணினி விளையாட்டுதான் மூலம். தைபேயில் வழங்கப்படும் 'கோல்டன் ஹார்ஸ்' விருதுகள் சீன மொழித் திரையுலகில் மிகப் பெரிய கௌரவம். அவ்வாண்டு 12 பிரிவுகளில் பரிந்துரை பெற்ற இந்தப் படம் 5 விருதுகளை வென்றது. சிறந்த புதுமுக இயக்குநர், சிறந்த தழுவல் திரைக்கதை ஆகிய இரண்டும் அவற்றில் அடங்கும்.

படத்தின் பெயரையே கவனியுங்கள். சீன மொழியில் வைத்த பெயருக்குப் 'பள்ளிக்குத் திரும்புதல்' என்று பொருள். ஆங்கிலத்தில் வைத்த 'டிடென்ஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தப்பு செய்த மாணவனைப் பள்ளி விட்டபிறகும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைப்பதும் டிடென்ஷன்தான், ஒருவரைப் பிடித்துக் காவலில் அடைத்து வைப்பதும் டிடென்ஷன்தான். பள்ளிக்கூடமும் சிறைச்சாலையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்த காலத்தின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

1962-இல் தைவானில் என்ன நடந்தது?

கதை நடப்பது 1962-இல். சீன உள்நாட்டுப் போரில் மாவோவின் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங் கை-ஷேக்கின் கோமிண்டாங் அரசு 1949-இல் தைவான் தீவுக்கு இடம் பெயர்ந்தது. அந்த ஆண்டு மே 20 அன்று தீவில் நடைமுறைக்கு வந்த இராணுவச் சட்டம், 1987 ஜூலை 15 அன்றுதான் நீங்கியது. 38 ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வரையிலான காலம். அந்தக் காலத்தைத் தைவான் மக்கள் 'வெள்ளைப் பயங்கரம்' என்கிறார்கள்.

அப்போது உளவாளி என்றோ கம்யூனிஸ்ட் என்றோ ஒருவர் மீது சந்தேகம் விழுந்தால் போதும். இராணுவ நீதிமன்றம் விசாரிக்கும். மரண தண்டனை வரைக்கும் போகும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னும் எத்தனையோ ஆயிரம் பேர் சிறையில் வாடினார்கள். தைவானின் தென்கிழக்குக் கடலில் இருக்கும் பச்சைத் தீவு அரசியல் கைதிகளின் தீவாகவே ஆயிற்று.

இதில் மிகக் கொடுமையானது 1950-இல் வந்த சட்டம் ஒன்று. உளவாளி என்று தெரிந்தும் ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் அதுவே குற்றம் என்றது அது. காட்டிக்கொடுத்தவருக்கோ சன்மானம். குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்தால், அதில் 30 சதவீதம் வரை துப்புக் கொடுத்தவருக்கும், 35 சதவீதம் வரை வழக்கைக் கவனித்த அதிகாரிகளுக்கும் போகலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சிறை, வாயைத் திறந்தால் காசு. அண்டை வீட்டார், வகுப்புத் தோழர், சொந்தத் தம்பி என்று யாரையும் நம்ப முடியாத நிலையை அந்த அரசு சட்டம் போட்டே உண்டாக்கியது.

பள்ளிக்கூடங்களும் தப்பவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் இராணுவ அதிகாரிகள் பயிற்றுநர்களாக உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் வரும் பய் என்ற பயிற்றுநர் அப்படிப்பட்டவர். காலையில் வாசலில் நின்று உள்ளே வரும் மாணவர்களை அவர் நோட்டமிடும் தொடக்கக் காட்சியில் பேய் எதுவும் இல்லை. ஆனாலும் அடிவயிறு கலங்குகிறது.

கதை

ஃபாங் ருய்-ஷின் என்ற மாணவி வகுப்பறையில் கண் விழிக்கிறாள். இருட்டிவிட்டது. பள்ளியில் ஆள் அரவம் இல்லை. கீழ் வகுப்பில் படிக்கும் வேய் என்ற மாணவன் மட்டும் அகப்படுகிறான். இருவரும் வெளியேறப் பார்க்கிறார்கள். வழி இல்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் மறுபடியும் பள்ளிக்குள்ளேயே வந்து நிற்கிறார்கள்.

படம் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் பகுதியின் பெயர் 'கொடுங்கனவு'. இரண்டாவது 'காட்டிக்கொடுத்தவர்'. மூன்றாவது 'உயிரோடு இருப்பவர்கள்'. இந்த மூன்று தலைப்புகளும் சேர்ந்தே கதையைச் சொல்லிவிடுகின்றன.

பள்ளியில் சாங் என்ற ஆசிரியரும் யின் என்ற ஆசிரியையும் சில மாணவர்களைச் சேர்த்து ஒரு இரகசிய வாசிப்புக் குழு நடத்துகிறார்கள். தடை செய்யப்பட்ட புத்தகங்களைக் கையால் நகல் எடுத்துப் படிக்கிறார்கள். துப்பாக்கி இல்லை, சதித் திட்டம் இல்லை. கிடங்கு அறையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கவிதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் படிக்கும் நூல்களில் நம் இரவீந்திரநாத் தாகூரின் 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' என்ற குறுங்கவிதைத் தொகுப்பும் ஒன்று. பறவைகளையும் இலைகளையும் பற்றிய சின்னச் சின்ன வரிகளைப் படிப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்திருக்கிறது.

ஃபாங்கின் வீட்டில் நிம்மதி இல்லை. அப்பா இராணுவ அதிகாரி. அம்மாவுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. ஒருநாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். துப்புக் கொடுத்தது அம்மா. பிடிக்காத ஒருவரை இந்த நாட்டில் எப்படி அப்புறப்படுத்தலாம் என்பதை அந்தப் பெண் தன் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறாள்.

ஆசிரியர் சாங் அவளிடம் பரிவு காட்டுகிறார். அவள் அவரை நேசிக்கிறாள். ஆனால் யின் டீச்சர் தன்னை அவரிடமிருந்து பிரிக்கிறார் என்று அவள் மனத்தில் பதிந்துவிடுகிறது. யின் மட்டும் போனால் போதும் என்று நினைக்கிறாள். குழுவைப் பற்றிய ஆதாரத்தை, தன் மேல் ஆசை வைத்திருக்கும் வேயிடமிருந்தே வாங்கிப் பயிற்றுநர் பய்யிடம் கொடுக்கிறாள். ஒருத்தியை விலக்க நினைத்தாள். குழு முழுவதும் மாட்டிக்கொள்கிறது. சாங்குக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது. வேய் சிறைக்குப் போகிறான். அவள் நேசித்த மனிதரின் சாவுக்கு அவளே காரணமாகிறாள். அந்தப் பாரத்தைத் தாங்காமல் உயிரை விடுகிறாள்.

ஆக, தாழ்வாரங்களில் பயந்து ஓடிக்கொண்டிருக்கும் ஃபாங் ஏற்கெனவே இறந்தவள். தான் செய்ததை மறந்துவிட்ட ஆவி. அவளோடு அந்தக் கனவில் அலையும் வேயின் உடம்போ நிஜத்தில் சிறை விசாரணை அறையில் சித்திரவதைக்கு நடுவே கிடக்கிறது. பேய் பிடித்த அந்தப் பள்ளிக்கூடம், சிறையில் கிடக்கும் ஒருவனின் நினைவும் செத்துப்போன ஒருத்தியின் குற்ற உணர்வும் கலந்து கட்டிய இடம். மண்டபத்தில் தலையில் சாக்குப் பை மாட்டிய உருவங்கள் தென்படும்போது திடுக்கிடுகிறோம். பிறகு விசாரணைக் காட்சிகளில் கைதிகளின் தலையில் அதே பையைப் பார்க்கும்போதுதான் புரிகிறது, கனவில் வந்த பேய் எதுவும் கற்பனையில் முளைத்ததில்லை என்று.

வழக்கமான சிறைப் பேயிலிருந்து இது எங்கே மாறுகிறது?

சிறைச்சாலையைக் களமாகக் கொண்ட பேய்ப்படங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சிறை ஒன்றில் ரெனி ஹார்லின் எடுத்த 'பிரிசன்' அதற்கு நல்ல உதாரணம். 1980-களின் பிற்பகுதியில் வந்த படம். குற்றம் செய்யாமலே மரண தண்டனை பெற்றவனின் ஆவி, அதற்குக் காரணமானவர் சிறை அதிகாரியாகத் திரும்பி வந்ததும் பழி தீர்க்கிறது. நமக்கும் இந்த வார்ப்பு நன்கு பழகியதே. அநியாயமாகச் செத்தவர் பேயாக வருவார், கெட்டவனைத் தண்டிப்பார், நாம் பேயின் பக்கம் நின்று கைதட்டுவோம்.

'டிடென்ஷன்' இதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. அநியாயமாகக் கொல்லப்பட்ட ஆசிரியர் யாரையும் பழிவாங்க வரவில்லை. ஆவியாகத் திரிபவள் காட்டிக்கொடுத்தவள். அவளை யாரும் கட்டிப்போடவில்லை, வாசலில் காவலும் இல்லை. தான் செய்ததை ஏற்றுக்கொள்ள மறுக்கும்வரை அவளால் வெளியே போக முடியாது, அவ்வளவுதான். அந்தச் சிறையின் பூட்டு அவளுடைய மறதி.

இப்போது கண்ணாடி முகத்துக்கு வருவோம். அந்தப் பேய்க்குச் சீருடை இருப்பதால் அது அரசு என்பது புரிகிறது. அதன் முகத்தில் பார்ப்பவரின் முகமே தெரிவதால் இன்னொன்றும் புரிகிறது. அடக்குமுறை அரசுக்குத் தனியாக ஒரு முகம் வேண்டியதில்லை. பயத்தாலோ பொறாமையாலோ ஆசையாலோ அதற்கு ஒத்துழைத்த ஒவ்வொருவரின் முகத்தையும் அது கடன் வாங்கிக்கொள்கிறது. ஃபாங் அந்தக் கண்ணாடியில் காட்டிக்கொடுத்தவளைப் பார்க்கிறாள். நான் பார்த்த பேய்ப்படங்களில் இவ்வளவு நேர்மையான பேயை வேறெங்கும் கண்டதில்லை.

மூல விளையாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதில் பேயைச் சுட முடியாது, வெட்டவும் முடியாது. அது நெருங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல நகர வேண்டும். மூச்சு விடுவதை வைத்துத்தான் பேய் மனிதரைக் கண்டுபிடிக்கும் என்ற பழைய சீன நம்பிக்கையிலிருந்து எடுத்தது இது. விளையாடுகிறவரின் விரல் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க, திரையில் அந்தப் பெண் மூச்சுப் பிடித்து நிற்பாள். 38 ஆண்டுகள் ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பதை விளக்க இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

இது நடந்த கதையா?

படத்தில் வரும் பள்ளியும் மாந்தர்களும் கற்பனை. அவர்களுக்குப் பின்னால் நிஜ வழக்குகள் உண்டு. முக்கியமானது வடக்குத் துறைமுக நகரான கீலுங்கில் 1949-இல் நடந்தது. அங்கிருந்த பள்ளியின் தலைமையாசிரியர் சுங் ஹாவ்-துங். 'வெளிச்சம்' என்று பொருள்படும் பெயரில் வெளிவந்த ஒரு இரகசியப் பத்திரிகை தொடர்பாக அவரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கைதானார்கள். 1950 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புகழ்பெற்ற இயக்குநர் ஹோ ஷியாவ்-ஷியன் 1995-இல் எடுத்த 'குட் மென், குட் விமன்' அவரையும் அவர் மனைவியையும் பற்றியது. அதே இயக்குநரின் 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்', 1947-இல் தைவானில் நடந்த படுகொலைகளின் நிழலில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி, 1989-இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்றது.

அவை நிதானமான, ஆழமான கலைப்படங்கள். அதே வரலாற்றை ஜான் ஷூ பேய்ப்படமாக எடுத்ததால்தான், இராணுவச் சட்டம் நீங்கிய பின் பிறந்த பிள்ளைகள் பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோனது அவர்களுக்கு வியர்வையாக, படபடப்பாக அனுபவமாயிற்று. பயம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுப்பதைவிடப் பயப்பட வைப்பது எளிது. திகில் படம் என்ற வடிவம் இந்தக் கதைக்குப் பொருந்தி வந்தது அதனால்தான்.

முடிவு எதைச் சொல்கிறது?

சிறையில் ஆசிரியர் சாங், வேயிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டாவது உயிரோடு இரு, இங்கே நடந்ததை நினைவில் வைத்திருக்க யாராவது ஒருவர் மிஞ்ச வேண்டும் என்பது அதன் சாரம். வீரமாகச் சாவதைப் புகழும் படங்களுக்கு நடுவே, தலை குனிந்தாவது பிழைத்திரு என்று ஓர் ஆசிரியர் மாணவனிடம் மன்றாடுவது நெஞ்சைப் பிசைகிறது.

வேய் பிழைக்கிறான். பல ஆண்டுகள் கழித்து, தலை நரைத்தவராக, இடிக்கப்படவிருக்கும் அந்தப் பள்ளிக்குத் திரும்பி வருகிறார். அந்த வாசிப்புக் குழு கூடிய இடத்திலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுக்கிறார். அதற்குள் ஒரு கடிதம். ஆசிரியர் ஃபாங்குக்காக எழுதி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு பாழடைந்த வகுப்பறைக்குப் போய் ஒரு மேசையின் முன் அமர்கிறார். எதிரே ஃபாங். அதே சீருடை, அதே வயது.

அவளால்தான் அவர் இளமை முழுவதும் சிறையில் போயிற்று. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் இப்போது எல்லாம் நினைவிருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாகச் சுமந்த கடிதத்தை அஞ்சல்காரர் சேர்ப்பிப்பதுபோல, அந்த முதியவர் அதை அவளிடம் நீட்டுகிறார்.