குழந்தை பிறந்த முதல் வருஷம்: சைடு இன்கம் ஆரம்பிக்கும் முன்னாடி போட வேண்டிய கணக்கு

முதல் குழந்தை பிறந்த வீட்டுல ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஒரு பேச்சு கண்டிப்பா வரும். "செலவு கூடிடுச்சு, சைடுல ஏதாவது ஆரம்பிக்கலாமா?" மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்க்கிற வீடுகள்ல இதோட இன்னொரு பேச்சும் வரும். "அவ வேலையை விட்டுடட்டும், வீட்டுல இருந்தே ஏதாவது பண்ணட்டும்."

ரெண்டுமே தப்பான யோசனை இல்லை. ஆனா ரெண்டுக்கும் முன்னாடி ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் போடாம முடிவெடுத்தா, மாசம் மூவாயிரம் சம்பாதிக்கப் போய் ஒரு லட்சத்தை விட்டுட்டு வர வாய்ப்பு இருக்கு. எப்படின்னு வரிசையா பார்ப்போம்.

1. கைக்கு வர வேண்டிய பணத்தை முதல்ல வாங்குங்க

மனைவி வேலைக்குப் போறவங்களா இருந்தா, மகப்பேறு விடுப்பு 26 வாரம். 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்துல 12 வாரமா இருந்ததை 2017 திருத்தம் 26 வாரமாக்குச்சு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே 26 வாரம்தான். முதல் ரெண்டு குழந்தைக்கு இது பொருந்தும். பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுத்துக்கலாம்.

சம்பளம் மாசம் ₹21,000 வரைக்கும் இருந்தா இஎஸ்ஐ பிடிப்பாங்க. உங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. பிரசவத்துக்கு முந்தைய ரெண்டு பங்களிப்புக் காலத்துல 70 நாளாவது சம்பளத்துல பிடித்தம் ஆகியிருந்தா, 26 வாரத்துக்கும் சராசரி நாள் சம்பளம் முழுசா இஎஸ்ஐ-யில இருந்து வரும். ₹15,000 சம்பளக்காரங்களுக்கு இது தோராயமா ₹90,000. இஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு கம்பெனியே கொடுக்கணும். அதுக்கு பிரசவத்துக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும்.

இங்கதான் பல பேர் பணத்தை விடுறாங்க. ஏழாம் மாசத்துல "சீமந்தம் முடிஞ்சிடுச்சு, இனி போக வேண்டாம்"னு ராஜினாமா கடிதம் கொடுத்துடுவாங்க. ராஜினாமா வேற, விடுப்பு வேற. விடுப்புக்கு எழுதிக் கொடுங்க. 26 வாரம் முடிஞ்ச பிறகு வேலைக்குப் போறதா வேண்டாமான்னு அப்போ முடிவு பண்ணிக்கலாம்.

அப்பாக்களுக்கு? தனியார் கம்பெனிக்கு சட்டப்படி தந்தை விடுப்பு கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. உங்க கம்பெனி கொள்கையில இருக்கான்னு ஹெச்ஆர்-கிட்ட கேளுங்க. இல்லைன்னா இப்போவே ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வையுங்க.

2. விடுப்பு காலத்துல சம்பாதிக்காதீங்க, கத்துக்கோங்க

"26 வாரம் வீட்டுல சும்மாதானே இருக்கேன், அப்பவே சைடு வேலையை ஆரம்பிச்சுடலாம்"னு தோணும். முதல் விஷயம், கைக்குழந்தையோட இருக்கிறது சும்மா இருக்கிறது இல்லை. ரெண்டாவது, இஎஸ்ஐ மகப்பேறு பணம் கிடைக்கிறதே கூலிக்கு வேலை செய்யாத நாட்களுக்குத்தான். கம்பெனி கொடுக்கிற விடுப்புப் பணமும் அப்படித்தான். விடுப்புல இருந்துக்கிட்டு இன்னொரு நிறுவனத்துல வேலை பார்த்தா அந்த உரிமை போயிடும்.

அதனால இந்த ஆறு மாசம் கத்துக்கிறதுக்கும் தயாராகிறதுக்கும் மட்டும். டாலி கத்துக்கணுமா, ஆரி வேலை கத்துக்கணுமா, தாராளமா. பில் போடுறது ஏழாவது மாசத்துல இருந்து.

3. வேலையை விடும் முன்னாடி ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க

நம்ம பகுதியில "குழந்தையைப் பார்த்துக்கிட்டே வீட்டுல இருந்து வேலை"ங்கிறது யூடியூப் வந்த பிறகு வந்த விஷயம் இல்லை. ஆம்பூர் பக்கத்துல ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து, கையால தைச்சு, ஜோடிக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட்ல காசு வாங்குற பெண்கள் பல வருஷமா இருக்காங்க. வீட்டு வேலைக்கு நடுவுல முடியுதுங்கிறது பெரிய வசதி. ஆனா அந்த வேலையில பெரும்பாலும் பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆர்டர் இல்லாத மாசத்துல வருமானமும் கிடையாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். எண்களை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

கம்பெனி வேலை:
மொத்த சம்பளம் ₹15,000
கம்பெனி கட்டுற இஎஸ்ஐ 3.25%: ₹487
கம்பெனி கட்டுற பிஎஃப் 12% (அடிப்படை ₹12,000-க்கு): ₹1,440
உண்மையான மதிப்பு: ₹16,927
மாசம் 208 மணி நேரம் வேலைன்னா, ஒரு மணிக்கு சுமார் ₹81

பீஸ் ரேட் வேலை:
ஒரு பீஸுக்கு ₹15, ஒரு பீஸுக்கு அரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க
ஒரு மணிக்கு ₹30
நூல், ஊசி, போக்குவரத்து, கழிவு பீஸ் இதெல்லாம் கழிச்சா இன்னும் குறையும்

தையல், டியூஷன், டேட்டா என்ட்ரி, ஆற்காடு மக்கன் பேடா செஞ்சு விக்கிறது, எதுவா இருந்தாலும் இதே கணக்குதான். வரவுல இருந்து செலவைக் கழிங்க. பேக்கிங், டெலிவரி, வாட்ஸ்அப்ல பேரம் பேசுற நேரம் உட்பட மொத்த நேரத்தால வகுங்க. மாசத்துக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்தா ஏமாந்துடுவோம். மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க.

இன்னொரு பெரிய தொகையும் இருக்கு, கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் முடியணும். அடிப்படை ₹12,000, 5 வருஷம்னா, 12,000 × 15 ÷ 26 × 5 = ₹34,615. நாலரை வருஷம் ஆனவங்க ஆறு மாசம் தள்ளி முடிவெடுத்தா இந்தப் பணம் கைக்கு வரும். 26 வார மகப்பேறு விடுப்பும் சர்வீஸ் கணக்குல சேரும்.

"சரி, குழந்தையை யார் பார்த்துக்கிறது?" நியாயமான கேள்வி. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்க அனுமதி இருக்கணும்னு சட்டம் சொல்லுது. உங்க கம்பெனியில இருக்கான்னு கேளுங்க. அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கிறாங்கன்னா, அதை இலவசம்னு நினைக்காதீங்க. அவங்க உழைப்புக்கு மாசம் ஒரு தொகையை அவங்க கையில கொடுங்க. அதையும் செலவுக் கணக்குல எழுதுங்க.

எல்லா எண்ணையும் பார்த்த பிறகும் "குழந்தையோட வீட்டுல இருக்கணும்"னு மனைவி சொன்னா, அது முழுக்க சரியான முடிவு. கணக்கு போடுறது அவங்களைத் தடுக்கிறதுக்கு இல்லை. எதை விட்டுக் கொடுக்கிறோம்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

4. உங்களுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் இருக்கு?

வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 48. போக வர 9. தூக்கம், கைக்குழந்தை வீட்டுல கிடைச்ச வரைக்கும், 42. சாப்பாடு, குளியல், சமையல், துணி 28. குழந்தை 28. மீதி 13. இதுல கடைக்குப் போறது, சொந்தக்காரங்க வர்றது, காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுறதெல்லாம் போக, நம்பி எடுத்துக்கக்கூடியது 4, 5 மணி நேரம்.

அதுக்குள்ள அடங்குற வேலையாப் பாருங்க. ஒரே ஒரு சோதனை போதும்: குழந்தை அழுதா பாதியில நிறுத்த முடியுமா? கடைக்காரருக்கு ஜிஎஸ்டி என்ட்ரி போடுறது, மொழிபெயர்ப்பு, பிளவுஸ் தைக்கிறது எல்லாம் நிறுத்தலாம். லைவ் டியூஷன், நேரத்துக்கு டெலிவரி பண்ண வேண்டிய சாப்பாடு ஆர்டர் நிறுத்த முடியாது. முடியாததை எடுத்தா, அந்த நேரத்துக்குக் குழந்தையை யார் தூக்குவாங்கன்னு முதல்லயே பேசிடுங்க. கணவர் சைடு வேலை பார்க்கிற ஒவ்வொரு மணி நேரத்தையும் மனைவிதான் தூக்கம் கெட்டுத் தாங்குறாங்கன்னா, அது சைடு இன்கம் இல்லை. அவங்ககிட்ட வாங்குற கடன்.

5. ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு விதி

ஒண்ணு: முதல் முதலீடு ஒரு மாச சம்பளத்துல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிரெடிட் கார்டு, தங்க நகைக் கடன் ரெண்டும் வேண்டாம்.

ரெண்டு: உங்க நியமன உத்தரவை எடுத்துப் படிங்க. வெளி வேலைக்கு எழுத்துபூர்வ அனுமதி கேட்கிற கம்பெனிகள் நிறைய இருக்கு.

மூணு: சாப்பாட்டுப் பொருள் விக்கிறீங்கன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். சிறு வியாபாரத்துக்கான அடிப்படைப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு ₹100-தான்.

நாலு: தனி வங்கிக் கணக்கு வையுங்க. வர்ற ஒவ்வொரு ரூபாயையும் வருமான வரிக் கணக்குல காட்டுங்க. 6 மாசம் கழிச்சு மணிக்கு எவ்வளவுன்னு திரும்பக் கணக்கு போட்டு, சம்பளத்து ரேட்டுல பாதிகூட வரலைன்னா நிறுத்திடுங்க.

6. செலவைக் குறைச்சாலும் வருமானம்தான்

பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் இல்லை. பேரை ஒரு வருஷத்துக்குள்ள கட்டணமில்லாம சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். அட்டவணைப்படி அங்கேயே போடலாம்.

சம்பள உயர்வு வந்து ₹21,000-ஐத் தாண்டப் போறீங்களா? சந்தோஷம், ஆனா தேதியைப் பாருங்க. ஏப்ரல்-செப்டம்பர் காலத்துக்கு நடுவுல தாண்டினா செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் தொடரும். அதுக்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும். அதுக்குள்ள குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துடுங்க. கம்பெனி குரூப் பாலிசி இருந்தா, பிறந்த குழந்தையைச் சேர்க்க எத்தனை நாள் கெடுன்னு கேட்டுக்கோங்க.

பெண் குழந்தைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம், வருஷத்துக்கு குறைஞ்சது ₹250. வட்டி வேண்டாம்னு இருக்கிற வீடுகளுக்கு, ஷரியா அடிப்படையிலான மியூச்சுவல் ஃபண்ட், இடிஎஃப் இருக்கு. அதுல சந்தை ஏற்ற இறக்கம் உண்டுன்னு தெரிஞ்சு போடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பிஎஃப் தளத்துல நாமினி யாருன்னு பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது. பிஎஃப் உறுப்பினர் வேலையில இருக்கும்போது இறந்துட்டா, அதோட சேர்ந்த இடிஎல்ஐ காப்பீடு ₹7 லட்சம் வரைக்கும் குடும்பத்துக்கு வரும். அது உங்க மனைவி, குழந்தை கைக்கு அலைச்சல் இல்லாம போகணும்னா, ஆதார் ஓடிபி போட்டு பத்து நிமிஷத்துல இ-நாமினேஷனை முடிச்சிடலாம்.

அப்புறம் ஒரு ராத்திரி, குழந்தை தூங்கின பிறகு, ரெண்டு பேரும் உட்கார்ந்து மேல சொன்ன மணிக்கணக்கை ஒரு தாள்ல எழுதுங்க. சைடு இன்கம் வேணுமா, வேலையில தொடரணுமா, ஒரு வருஷம் எதுவும் வேண்டாமான்னு அந்தத் தாளே சொல்லிடும். இந்தக் கணக்கை எக்செல் ஷீட்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.